போர்க்களத்தின் மேலே ஒரு கூடை



'போரும் கவிதையும்' என்னும் பொதுத்தலைப்பில் எனக்கு முன் பேசியவர்கள் வாளையும் வேலையும் களிற்றையும் பேசிக் களவேள்வி வரை வந்துவிட்டார்கள். எனவே நான் களத்தை விட்டுச் சற்று மேலே ஏறிக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறேன். பிரம்புக் கூடை ஒன்றுக்குள் நின்றுகொண்டு, தலைக்கு மேலே எளிதில் தீப்பற்றும் வாயு நிறைந்த பை ஒன்று மிதக்க, கீழே நடக்கும் போரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். புகைக்கூண்டு என்றும் ஆகாயக்கூண்டு என்றும் சொல்வாருண்டு. மக்கள் வாயில் பலூன் என்ற சொல்லே நிலைத்துவிட்டது. நானும் அவ்வாறே சொல்கிறேன்.

இந்தப் பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு என் வகுப்பறையும் ஒரு காரணம். புறப்பாடல்களை நடத்தும்போது மாணவி ஒருத்தி கேட்டாள்: "களத்தைப் பாடுகிறாரே, இந்தப் புலவர் எங்கே நின்று பார்த்தார், அம்மா?" உரையாசிரியர்கள் எழுப்பாத கேள்வி அது. பார்ப்பவன் எங்கே நிற்கிறான், யாருக்காகப் பார்க்கிறான், அவன் பார்த்ததனால் என்ன நேர்கிறது என்னும் மூன்றையும் அதன் பிறகு நான் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. கவிஞர்கள் நிறைந்த அவையில் இதை எழுப்புவது பொருத்தமே. நாமும் பார்ப்பவர்கள்தாமே!

தொல்காப்பியர் வெட்சித் திணையின் துறைகளுள் 'வேய்' என்று ஒன்றை வைத்தார். பகைப்புலத்தை ஒற்றரால் அறிந்துகொள்ளுதல் அது. வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். எனினும் நம் இலக்கணம் அறிந்த ஒற்றன் மறைந்து செல்பவன், வேடம் பூணுபவன். பகைவர் எல்லாரும் அண்ணாந்து காண, நட்டநடு வானத்தில் நின்று ஒற்றாடுபவனுக்குத் துறை வகுக்க அன்று வழியில்லை. அவன் பிறந்தது 1794-இல், பிரெஞ்சுப் புரட்சியின் வயிற்றில்.

மோன்கோல்ஃபியே சகோதரர்களின் சூடான காற்றடைத்த பலூன் 1783 நவம்பர் 21 அன்று பாரிஸில் இருவரைச் சுமந்துகொண்டு கட்டின்றிப் பறந்தது. பத்து நாள்களில் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் பேராசிரியர் சார்ல் ஏறினார். மானுடம் வானில் ஏறிய அந்த வியப்பு அடங்குவதற்குள், 1794 ஏப்ரலில், பிரெஞ்சுப் படையில் பலூன் பிரிவு ஒன்று தனியே அமைந்துவிட்டது. பதினொரு ஆண்டுகூட ஆகவில்லை. புதியது எதைக் கண்டாலும் போர் முதலில் கைநீட்டி வாங்கிக்கொள்கிறது.

அப்பிரிவின் தலைவர் ஜான் மரி ஜோசஃப் கூத்தெல். அவர் மோபேழ் நகரிலிருந்த படையிடம் இச்செய்தியை முதன்முதலாகக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த புரட்சி அரசின் பிரதிநிதி நம்பவில்லை. முற்றுகைக்கு நடுவே பலூன் என்று பேசிக்கொண்டு வரும் இவன் யாரோ ஐயத்துக்குரியவன், சுட்டுவிடலாம் என்றாராம். கூத்தெல் எப்படியோ தப்பினார். அடுத்த சிக்கல் இன்னும் சுவையானது. பலூன் பிரிவினர் போரிடாதவர்கள் என்று மற்றப் படைவீரர்கள் அவர்களை ஏளனம் செய்தார்கள். எங்களையும் ஒரு தாக்குதலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கூத்தெல் தாமே கேட்டுத் தம் ஆட்களைத் தரைச்சண்டைக்கு அழைத்துச் சென்றார். காயத்தோடு திரும்பினார்கள். அதன் பிறகே ஏளனம் அடங்கியது. பார்ப்பவனும் குருதி சிந்தினால்தான் அவன் பார்வைக்கு மதிப்பு என்னும் இந்த மனப்பான்மை படைமுகாமோடு நின்றுவிடவில்லை. எழுத்தாளனிடம் "நீ களத்துக்கு வந்தாயா?" என்று கேட்கும் குரல்களை இவ்வட்டத்திலேயே கேட்டிருக்கிறோம்.

'லாந்திரப்ரெனா' என்பது அந்தப் பலூனின் பெயர். முயற்சியுடையது என்று பொருள் கொள்ளலாம். அதை மோபேழிலிருந்து சார்ல்ருவாவுக்குக் கொண்டுபோக வேண்டும். வாயுவை வெளியேற்றினால் மறுபடி நிரப்புவது பெரும்பாடு. கந்தகம் வெடிமருந்துக்கு வேண்டும் என்பதால் கந்தக அமிலத்தைத் தொடக்கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் நீராவியைச் செலுத்தித்தான் ஹைட்ரஜன் எடுக்க வேண்டும். எனவே ஊதிய பலூனை ஊதியபடியே, ஆள்கள் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு சாலையோடு நடந்தே இழுத்துச் சென்றார்கள். தேரை வடம் பிடித்து இழுப்போம். அங்கே வடம் பிடித்தவர்கள் தேர் மேலே போய்விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

1794 ஜூன் 26, ஃப்ளெரூஸ் போர். கூத்தெலும் தளபதி மோர்லோவும் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் வானில் இருந்தார்கள். ஆஸ்திரியப் படைகளின் நகர்வுகளை எழுதி, கயிற்றின் வழியே பையில் இறக்கி அனுப்பினார்கள். பிரான்ஸ் வென்றது. அவ்வெற்றியில் பலூனுக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள். எதிரியின் மனத்தில் அது ஏற்படுத்திய அச்சத்தை எவரும் மறுக்கவில்லை. எங்கே ஒளிந்தாலும் மேலிருந்து ஒருவன் பார்க்கிறான் என்ற உணர்வை அதுவரை கடவுள் ஒருவரே தந்துவந்தார்.

இக்கதையில் கவிஞர்களுக்கு வேண்டிய இன்னொருவர் இருக்கிறார்: நிக்கோலா ழாக் கோந்தே. மூதோனில் பலூன் பட்டறையை நடத்தியவர். ஹைட்ரஜன் ஆய்வின்போது நேர்ந்த வெடிப்பில் ஒரு கண்ணை இழந்தவர். கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்டு, 1795-இல் பென்சில் செய்யும் முறையைக் கண்டவரும் அவரே. இங்கே முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் நண்பர்களின் கையிலுள்ள பென்சிலுக்கும் அந்தப் பலூனுக்கும் தந்தை ஒருவர்தான். பிறருடைய பார்வைக்காக உழைத்துத் தன் கண்ணைக் கொடுத்தவர் எழுதுகோலையும் கொடுத்துப் போனார்.

பலூனில் இருப்பவன் ஒற்றனா, வீரனா? இது சொல்லாராய்ச்சி அன்று, உயிர்ப்பிரச்சினை. வீரன் பிடிபட்டால் சிறை; ஒற்றன் பிடிபட்டால் தூக்கு. ஆஸ்திரியர்கள் இவர்களை ஒற்றர்கள் என்றே கருதினார்கள். 1870-இல் ஜெர்மானியர் பாரிஸை முற்றுகையிட்டபோது, நகரிலிருந்து கடிதங்களோடும் ஆள்களோடும் அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் வெளியே பறந்தன. அவற்றுள் ஒன்றுக்கு ழார்ழ் சான்ட் என்னும் நாவலாசிரியையின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. பிடிபடும் பலூன்காரர்களை ஒற்றர்களாகவே நடத்துவோம் என்று பிஸ்மார்க் மிரட்டினார். 1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டு விதிகள்தாம், செய்தி கொண்டு செல்லப் பலூனில் அனுப்பப்படுவோர் ஒற்றர் ஆகார் என்று வரையறுத்தன. மறைந்து பார்ப்பவனே ஒற்றன். வெளிப்படையாக நிற்பவன் படைஞன் என்பது அதன் உட்கிடை. ஒருவேளை தொல்காப்பியருக்கும் இப்பிரிவு உடன்பாடாக இருந்திருக்கும்.

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' படித்தவர்களுக்கு இன்னொரு பலூன் நினைவுக்கு வரலாம். 1812-இல் நெப்போலியன் மாஸ்கோவை நெருங்கும்போது, லெப்பிக் என்னும் ஜெர்மானியர் நகருக்கருகே பெரும் பொருட்செலவில் ஒரு போர்ப் பலூனைக் கட்டிக்கொண்டிருந்தார். நாவலில் பியேர் அதைப் பார்க்கப் புறப்பட்டுப் போகிறான். அது போருக்கு உதவவே இல்லை. அதை அங்கேயே விடுவோம்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு வருகிறேன். 1861 ஜூன் மாதம் வாஷிங்டன் நகரத்தின் மேலே, தாடியஸ் லோ என்பவர் பலூனில் இருந்தபடியே தந்திக் கம்பி வழியாகக் குடியரசுத் தலைவர் லிங்கனுக்குச் செய்தி அனுப்பினார். வானிலிருந்து சென்ற முதல் தந்தி அது. ஏறக்குறைய 50 மைல் விட்டமுள்ள பரப்பு கண்ணுக்குப் படுகிறது என்றும், பாசறைகள் சூழ்ந்த நகரம் அருமையான காட்சி என்றும் அதில் சொன்னார். ஒரு நொடி அவர் கவிஞராக இருந்தார் என்பது என் எண்ணம். அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று நடந்தது வேறு. வர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச் என்னுமிடத்திலிருந்த எதிரிகளின் மீது வடவரின் பீரங்கிகள் சுட்டன. பீரங்கியை இயக்கியவர்களுக்கு இலக்கு கண்ணுக்கே தெரியாது. மேலே லோ பார்த்தார். குண்டு விழுந்த இடத்தைச் சொன்னார். கீழே திருத்திச் சுட்டார்கள்.

அன்பர்களே, இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். வில்லெடுத்தவன் இலக்கைப் பார்த்தே எய்வான். வேல் எறிபவனும் அப்படியே. கொல்பவனின் கண்ணும் கையும் ஓருடலில் இருந்தன. அந்தச் செப்டம்பர் நாளில் கண் ஓர் உடலிலும் கை வேறோர் உடலிலுமாகப் பிரிந்தன. கை உடையவன் "நான் பார்க்கவில்லை" என்கிறான். கண் உடையவன் "நான் சுடவில்லை" என்கிறான். இருவர் சொல்வதும் மெய்யே. குண்டு விழுந்த இடத்தில் இறந்தவனின் தாய்க்கு இவ்விரண்டு மெய்களால் என்ன ஆறுதல்?

லோவும் அவரது குழுவினரும் படைவீரர் அல்லர். கூலிக்கு அமர்த்தப்பட்ட குடிமக்கள். பிடிபட்டால் ஒற்றர்கள் என்று தூக்கிலிடப்பட இடமுண்டு. ஏழு பலூன்கள் அவரிடம் இருந்தன. 1862 ஏப்ரலில் யார்க்டவுன் முற்றுகையின்போது தளபதி ஃபிட்ஸ் ஜான் போர்ட்டர் தனியே ஏறிய பலூனின் கயிறு அறுந்து, எதிரிகளின் தலைக்கு மேலே போய், காற்று மாறியதால் திரும்பித் தம் பக்கமே வந்து சேர்ந்தார். ஊதியக் குறைப்பும் மேலதிகாரிகளின் பிணக்கும் சேர்ந்து 1863-இல் அப்பிரிவைக் கலைத்துவிட்டன.

தெற்கத்தியரின் பட்டுப் பலூனைப் பற்றி ஒரு பெண் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். தென்மாநிலப் பெண்கள் தம் பட்டாடைகளை எல்லாம் கழற்றிக் கொடுத்தார்கள். அவற்றைத் தைத்துப் பலூன் செய்தார்கள் என்று உருக்கமான கதை ஒன்று உலவுகிறது. உண்மையில் அது கடையில் வாங்கிய புதுப்பட்டு; ஆடைக்கென நெய்த துணி, அவ்வளவே. 1862 ஜூலையில் அதை வடவர் கைப்பற்றினார்கள். பெண்ணின் தியாகம் சேராத போர்க்கதை ஆண்களுக்கு இனிப்பதில்லை போலும். பெண்கள் உண்மையிலேயே உழைத்த பலூன் கதை வேறு உண்டு, அது இங்கிலாந்தில். மாட்டுக்குடலின் மெல்லிய சவ்வைக் கழுவி, சுரண்டி, அடுக்கடுக்காக ஒட்டி ஹைட்ரஜன் கசியாத உறை செய்யும் கலையை ஒரு குடும்பம் கமுக்கமாகக் காத்துவந்தது. 1880-களில் பிரிட்டிஷ் படை அவர்களை அமர்த்திக்கொண்டது. ஒரு பலூனுக்கு ஆயிரக்கணக்கான மாடுகளின் குடல் வேண்டும். நாற்றமடிக்கும் அந்த வேலையைப் பற்றி உருக்கமான கதை எதுவும் இல்லை. அந்தப் பலூன்கள்தாம் 1899-இல் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் முற்றுகை வரை போயின. அங்கே வாயு தீர்ந்துபோய்ப் பலூனை மடித்து வைத்தார்கள்.

முதல் உலகப்போருக்கு வருவோம். உருண்டைப் பலூன் காற்றில் சுழலும், உள்ளிருப்பவர் வாந்தியெடுப்பார், தொலைநோக்கியை நிலையாகப் பிடிக்க முடியாது. ஜெர்மனியில் பார்ஸெவால், சிக்ஸ்ஃபெல்ட் என்னும் இருவர் 1890-களில் நீண்ட வடிவில், பட்டம் போலக் காற்றை எதிர்த்து நிற்கும் பலூனை அமைத்தார்கள். 1916-இல் பிரெஞ்சுப் பொறியாளர் அல்பேர் காக்கோ மூன்று வால்துடுப்புகளைச் சேர்த்து அதை இன்னும் செம்மையாக்கினார். பிரெஞ்சு வீரர்கள் அதற்கு இட்ட செல்லப்பெயர் இறைச்சிக் குழலைக் குறிக்கும் 'சொஸீஸ்'. மேற்குப் போர்முனை நெடுகிலும், இருபுறமும், இவை வரிசையாக நின்றன. போர்முனைக்குச் சில கிலோமீட்டர் பின்னால், ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், எஃகுக் கம்பி வடத்தில் கட்டுண்டு நின்றன.

கூடையில் பெரும்பாலும் இருவர். நிலப்படம், தொலைநோக்கி, தொலைபேசி. காலையில் ஏறினால் பல மணி நேரம் நின்றபடியே, குளிரில், ஒரே நிலத்துண்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேற்று இல்லாத தடம் இன்று வயலில் தெரிகிறதா? அந்தத் தோப்பிலிருந்து புகை எழுகிறதா? ஒரு மின்வெட்டு, அது பீரங்கி. உடனே தொலைபேசியில் எண்கள். "வலப்பக்கம் இவ்வளவு, தூரம் இவ்வளவு கூட்டு." அடைமொழி கிடையாது, உவமை கிடையாது. சொற்சிக்கனம் பற்றிப் புதுக்கவிதைக்காரர்கள் நாம் நிறையப் பேசுகிறோம். இவ்வுலகில் மிகச் சிக்கனமாகப் பேசியவர்கள் இவர்களாக இருக்கலாம். அந்தச் சிக்கனம் எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

இதனாலேயே பலூன் எதிரிக்கு நஞ்சாயிற்று. விமானங்கள் தீப்பற்றும் குண்டுகளோடு பாய்ந்து வந்தன. கீழே எந்திரத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் பலூனின் உயரத்துக்கு முன்கூட்டியே குறிவைத்துக் காத்திருந்தன. விசைச்சக்கரம் வடத்தை அவசரமாகச் சுற்றி இழுக்கும். தீப்பிடித்துவிட்டால் சில நொடிகள்தாம். கூடையின் வெளிப்புறம் தொங்கும் உறையில் பாராசூட் இருந்தது. அதன் கயிறு இவர்கள் மார்புப்பட்டையோடு பிணைந்திருக்கும். விளிம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டியதுதான். விமானிகளுக்கே பாராசூட் இல்லாத காலம் அது; 1918-இல்தான் ஜெர்மன் விமானிகளுக்குக் கிடைத்தது. குதித்தவன்மேலேயே எரியும் உறை வந்து விழுவதும் உண்டு.

புயலும் பகைதான். 1916 மே 5 அன்று வெர்டன் பகுதியில் எழுந்த கடுங்காற்றில் பிரெஞ்சுப் பலூன்கள் இருபதுக்கும் மேற்பட்டவை வடமறுந்து ஓடின. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று சோம் போர்முனையில் ஒரு பிரிட்டிஷ் பலூன் அறுந்தது. அதிலிருந்தவர் பேசில் ஹாலம். போருக்கு முன் லண்டன் அரங்குகளில் பாடி ஆடிப் புகழ்பெற்ற நடிகர். பாராசூட் அவரைக் காக்கவில்லை. மாலை வேளையில், தம் பாடலை ரசித்த வீரர்கள் பலர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் விழுந்து இறந்தார்.

மேலிருந்து பார்ப்பவனை ஏய்க்கும் கலையும் வளர்ந்தது. 1915-இல் பிரெஞ்சுப் படை உருமறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, கிராண்ட் த ஸ்கெவோலா என்னும் ஓவியரிடம் ஒப்படைத்தது. கியூபிச ஓவியர்களும் அதில் சேர்ந்தார்கள். பீரங்கிமேல் வண்ணத் திட்டுகள் தீட்டி அதன் உருவத்தையே சிதைத்தார்கள். இல்லாத சாலையைத் துணியில் வரைந்தார்கள். இரும்பு மரம் செய்து அதனுள் ஆளை நிறுத்தினார்கள். உருவத்தைத் துண்டாக்கிக் காட்டும் ஓவியம் புரியவில்லை என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அந்தப் புரியாமையே ஆயிரம் பேரின் உயிரைக் காக்கப் பயன்பட்டது. நம் இருண்மைக் கவிஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். (சிரிக்கிறார்கள், நல்லது.)

என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பலூன்காரன் வானத்தில் இருந்தான். ஆனால் கட்டுண்டு இருந்தான். கயிற்றின் மறுமுனை தளபதியின் கையில். அவன் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். எதைச் சொல்ல வேண்டும் என்பது முன்பே முடிவானது. எதிர்வரிசைக்குப் பின்னால் ஒருவன் அடுப்பு மூட்டுவதும், துணி உலர்த்துவதும், கடிதம் படிப்பதும் அவன் கண்ணில் பட்டிருக்கும். தொலைபேசியில் அவை போகா. புறநானூற்றுப் புலவர்க்கும் ஒரு கயிறு இருந்தது. பரிசில் என்பது அதன் பெயர். எனினும் அவருள் சிலர் அந்தக் கயிற்றின் நீளத்துக்கு அப்பாலும் நடந்தார்கள். ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார். கோவூர் கிழார், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, மாலையின் பூ இருபக்கமும் ஒன்றே என்று கண்டு இருவருக்குமே சொன்னார். மேலே நின்று பார்த்தவர் என்று நான் அவரைச் சொல்வேன். அவர் பார்த்ததை ஒரு தரப்பின் தளபதிக்கு மட்டும் சொல்லவில்லை.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2023 பிப்ரவரி 4 அன்று, அமெரிக்க வானைக் கடந்துவந்த சீனப் பலூன் ஒன்றை அந்நாட்டுப் போர்விமானம் அட்லாண்டிக் கடலின் மேலே வீழ்த்தியது. அதில் கூடை இல்லை, ஆள் இல்லை. பார்க்கும் கண்ணிலிருந்து மனிதன் கழன்றுவிட்டான்.

இறுதியாகப் பலூன் எரித்தவர்களில் ஒருவர். ஃப்ராங்க் லூக் என்னும் அமெரிக்க இளைஞர் 1918 செப்டம்பரில் மூன்று வாரத்துக்குள் 14 பலூன்களை வீழ்த்திவிட்டு, 21 வயதில், அவற்றுள் கடைசி மூன்றை எரித்த மாலையிலேயே இறந்தார். பெல்ஜியத்தின் வில்லி கோப்பன்ஸ் ஒரு முறை, வடமறுந்து எழுந்த பலூனின் முதுகிலேயே தம் விமானத்தோடு இறங்கிச் சறுக்கித் தப்பினார் என்பார்கள். நான் சொல்ல வந்தவர் இவர்கள் அல்லர். லெயோன் பூர்ழாத், பிரெஞ்சு விமானி. போருக்கு முன் குருமட மாணவர். 28 வெற்றிகள் அவர் கணக்கில் உண்டு. அவற்றுள் 27 பலூன்கள். அத்தனையும் எரியும் பை. அத்தனையிலும் கீழே ஒரு கூடை. போர் முடிந்ததும் படிப்பைத் தொடர்ந்து குருவானார். பப்புவாத் தீவுக்குப் பணிசெய்யப் போனார். பதக்கங்களால் அவர் வாழ்ந்திருக்கலாம். நாட்டில் பெரும்புகழ் காத்திருந்தது. 1924 அக்டோபரில், அங்கேயே, நோயுற்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.